பச்சை ஜாக்கெட் பிட்

என் மனைவி நாகரத்னம் கத்தினால் எனக்குப் பயமில்லை. முறைத்தாலும் பயமில்லை. "சரிங்க" என்று சொன்னால்தான் பயம்.

முப்பது வருஷம் ஆந்திரத்துப் பாபட்லாவில் பஸ் ஓட்டி ஓய்ந்தவன் நான். மிச்சமிருந்த ஒரே சுகம், கூடத்தில் ஃபேனுக்கு நேர்கீழே கிடந்த கட்டில். போன மாதம் அந்த இடத்தில் ஒரு தையல் மெஷின் வந்து உட்கார்ந்தது. கட்டில் கோழிக்கூட்டுப் பக்கம் போனது.

"அறுபது வயசுல தையலா? யாருக்குடி?"

"எனக்குத்தாங்க."

இதை நம்ப நான் என்ன பச்சைக் குழந்தையா?

ஒளிந்து கவனித்தேன். இரண்டு நாள் நூலே கோக்காமல் பேப்பரில் ஓட்டிப் பழகினாள். மூன்றாம் நாள் நூல் கோத்தாள். சக்கரம் பின்பக்கமாய்ச் சுற்றியது, நூல் அறுந்தது. எனக்குக் கட்டில் திரும்பி வரும் சத்தமே கேட்டது.

"ரத்னம், வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள நீயே ஒரு ஜாக்கெட் தைச்சுப் போட்டுக்கணும். முடியலேன்னா மெஷின் கடைக்குத் திரும்பிடணும். துணி நான் எடுத்துத் தருவேன்."

"சரிங்க."

அதே "சரிங்க". இருந்தாலும் என் கையில் துருப்பு இருந்தது.

சிராவண மாதத்து வெள்ளிக்கிழமைகளில் எங்கள் தெருப் பெண்கள் ஒருவரையொருவர் அழைத்து மஞ்சள், குங்குமம், ஊறவைத்த கடலையோடு ஜாக்கெட் பிட் கொடுப்பார்கள். அதை யாரும் தைப்பதில்லை. பெட்டியில் வைத்து அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிடுவார்கள். நாங்கள் கொடுத்த கிளிப்பச்சைத் துண்டு ஒன்று நாலு வருஷம் தெருவைச் சுற்றி எங்களிடமே வந்திருந்தது. அளவு அவ்வளவு கம்மி. குருவிக்கு ஜாக்கெட் தைக்கலாம். என் மனைவிக்கு ஒரு கைதான் தேறும்.

அதைத்தான் எடுத்துக் கொடுத்தேன்.

"நல்ல கலருங்க" என்றாள். அளந்துகூடப் பார்க்கவில்லை. ஏன் அளக்கவில்லை? அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உள்ளே மெஷின் கடகடவென்று ஓடியது. தையல்கார கனி பாயிடம் போய் விசாரித்தேன்.

"அக்கா இந்தப் பக்கமே வரலை, டிரைவர்காரு."

வெள்ளிக்கிழமை. கூடம் நிறையப் பெண்கள். நடுவில் நாகரத்னம், கிளிப்பச்சை ஜாக்கெட்டில். தையல் கொஞ்சம் கோணல். ஆனால் இரண்டு கையும் இருந்தது, முதுகும் இருந்தது.

"ஏமாத்து வேலை! அந்தத் துணி ஒரு கைக்கு மேல வராதே!"

பக்கத்து வீட்டுக் கோட்டம்மா கடலை மெல்வதை நிறுத்தினாள்.

"வராதுன்னு தெரிஞ்சேதான் எடுத்துக் கொடுத்தீங்களா, அண்ணய்யா?"

இருபது கண்கள் திரும்பின.

"அதில்லம்மா... சும்மா, ஒரு குத்துமதிப்பா..."

"விடு கோட்டம்மா" என்றாள் நாகரத்னம். "அவர் கொடுத்த துணியிலதான் தைச்சேன். பத்தாததுக்குச் சேர்த்ததும் அவர் துணிதான்."

ஒன்றும் விளங்கவில்லை. தலையைக் குளிரவைக்கலாமென்று கிணற்றடிக்குப் போய் நாலு வாளி ஊற்றிக்கொண்டு, கொடியில் கிடந்த என் கிளிப்பச்சை லுங்கியை எடுத்துக் கட்டினேன்.

முழங்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது.