தூசி அக்காவும் எங்கள் வைக்கோல் போரும்

தஞ்சாவூர் வட்டாரத்தில் தூசிக்காகப் பரிந்து பேசிய ஒரே ஜீவன் எங்கள் தூசி அக்காதான். இத்தனைக்கும் அவளுக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது. பக்கத்து அறையில் ஜமக்காளத்தை உதறினால் இவள் பதினேழு தும்மல் போடுவாள்.

பல்கலைக்கழக விடுதியில் நாங்கள் ஒரே அறை. நான் எம்.காம்., அவள் இயற்பியல் ஆராய்ச்சி. எங்கோ இருக்கும் தூசி மண்டிய கேலக்ஸிகள்தான் அவள் உலகம். அங்கே புதிதாகப் பிறக்கும் நட்சத்திரங்கள் புற ஊதா ஒளியை வாரி இறைக்குமாம். சுற்றியிருக்கும் தூசி அதை விழுங்கிச் சூடேறி, அகச்சிவப்பு ஒளியாக வெளியே விடுமாம். இரண்டையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் பிறந்ததில் பாதி நமக்குத் தெரியாமலே போய்விடும் என்பாள். மெஸ்ஸில் சாம்பார் ஊற்றுபவரிடமும் இதை விளக்குவாள். பின்னால் வரிசை வாசல்வரை நிற்கும்.

அவளைப் பெண் பார்க்க வந்தபோது, எதில் ஆராய்ச்சி என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டாராம். தூசியில் என்றாளாம். எங்கள் வீட்டுப் பரண் முழுக்க அதுதான் என்று அந்த அம்மாள் பூரித்துப் போனாராம். அக்கா தேடிப் போகாத தூசி அது ஒன்றுதான்.

ஒரு தை மாதம், பட்டுக்கோட்டை பக்கம் இருக்கும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் காட்டுவதற்காக, வெப்பத்தைப் படமாக்கும் கேமரா ஒன்றைத் துறையில் கேட்டு வாங்கிக்கொண்டு என்னோடு வந்தாள். தும்மிக்கொண்டே எங்கள் கொல்லைப்பக்கம் கேமராவைத் திருப்பினாள். வைக்கோல் போர் முழுக்க நீலமாகத் தெரிந்தது. அடியில் ஒரு மூலையில் மட்டும் மஞ்சள் திட்டு.

"அப்பா, போருக்குள்ள சூடு இருக்கு. உடனே பிரிக்கணும்," என்று என் அப்பாவிடம் சொன்னாள்.

அப்பா அந்தப் போரை முந்தின வாரம்தான் நாலு ஆள் வைத்துப் போட்டிருந்தார். ஆனால் அறுப்பில் மழை பெய்திருந்தது. ஈர வைக்கோல் உள்ளுக்குள்ளே புகைந்து பற்றிக்கொள்ளும் என்பது அவருக்கும் தெரியும். தொட்டுப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், ஒன்றுமில்லை என்றார்.

"கைக்குத் தெரியாதுப்பா."

மாடுகளுக்கு ஒரு வருஷத் தீனி. அப்பா அரை நிமிஷம் யோசித்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். அடியில் உருவினால் சரிந்துவிடும் என்று உச்சியிலிருந்து பிரித்தார்கள். தெருவே தண்ணீர்க் குடங்களோடு வந்து நின்றது. முக்கால் போர் தரையில் கிடந்தபோது, அடியிலிருந்து தெரு நாய் ஒன்று தலையை நீட்டியது. அதன் மடியில் ஆறு குட்டிகள், கண்கூடத் திறக்கவில்லை.

குடத்துத் தண்ணீரை எங்கே ஊற்றுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

"ஏம்மா, இதுதான் அந்தச் சூடா?" என்றார் அப்பா.

அக்கா அவமானத்தில் கூனிக்குறுகுவாள் என்று நினைத்தேன். அவளோ வைக்கோலிலேயே உட்கார்ந்து, முகமெல்லாம் சிரிப்பாக வானத்தைக் காட்டினாள்.

"பிரசவம்ப்பா. அங்கயும் இதேதான் நடக்குது."

அப்பா சிரிக்க ஆரம்பித்தார், தெருவும் சேர்ந்துகொண்டது. நாய்க்கு ஒரு மூலையை ஒதுக்கிவிட்டு மறுபடி போர் போட இரண்டு நாள் ஆனது. அக்கா கடைசிக் கட்டுவரை வைக்கோல் சுமந்தாள். தும்மித் தும்மி மூக்கு தக்காளியாகிவிட்டது.

மூன்றாம் நாள் எங்களைப் பஸ் ஏற்றிவிட அப்பா வந்தார். கூட்டத்தில் முண்டியடித்து, ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு ஒரே ஒரு இடம் பிடித்தார். பெற்ற மகளை நிற்கவிட்டு அக்காவை அதில் உட்காரவைத்தார். எனக்குக் கொஞ்சமும் கோபம் வரவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.