உறவுசார் வெளியும் ஒரு பழைய பெஞ்சும்

“உங்களுக்கு இன்னும் எவ்ளோ நேரம் இருக்குதுங்க?” என்று காவேரி கேட்டதும், தக்காளி விற்றுவிட்டு வந்த ராமக்காளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

“ஏம் புள்ள, காலங்காத்தால இப்பிடிக் கேக்குற? எனக்கென்னா ஆச்சு?”

“ஐயோ, அதில்லீங்க! நம்ம கடையில நிக்க எவ்ளோ நேரம் இருக்குதுன்னு கேட்டேன். இன்னையிலிருந்து வர்றவங்க எல்லார்கிட்டயும் கேக்கணும்னு சார் சொல்லியிருக்காரு.”

ராமக்காள் திரும்பி, கல்லாவுக்குப் பின்னால் நின்ற சாரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஜாவீத் பல் தெரியச் சிரித்தான். அந்தச் சிரிப்பும் திட்டத்தில் இருந்ததுதான்.

பாலக்கோட்டில் தக்காளி மண்டிக்குப் போகிற ரோட்டில் இருக்கும் ‘பூங்கதிர் ஹோம் அப்ளையன்சஸ்’ கிளைக்கு ஜாவீத் மேனேஜர். மிக்ஸி, கிரைண்டர், குக்கர், ஃபேன் விற்கிற கடை. விற்பனைக்குக் காவேரி, டெலிவரிக்கும் ரிப்பேருக்கும் மாது. அவ்வளவுதான் ஆள்பலம்.

போன வாரம் சேலத்துத் தலைமை அலுவலகத்திலிருந்து முப்பது பக்கத்துக்கு ஒரு திட்டம் வந்து இறங்கியிருந்தது. போன மாதம் பதவிக்கு வந்த ஜெனரல் மேனேஜர் மணிமேகலை மேடமே உருவாக்கிய திட்டமாம். வெள்ளிக்கிழமை அவரே நேரில் வந்து பார்ப்பாராம். திட்டம் அன்றாட நடைமுறைக்கு வராத கிளைகள் மூடப்படும் என்று கடைசிப் பக்கத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

மூடிவிட்டால் ஜாவீதைச் சேலத்துக்கு மாற்றுவார்கள், போய்க்கொள்ளலாம். ஆனால் காவேரி? கிராமத்திலிருந்து டவுன் பஸ் பிடித்து வருகிறவள், இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறவள். மாதுவுக்கு ஐம்பத்தைந்து வயது. இனிமேல் அவருக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

இதற்கு மேல், திட்டத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்பதே ஜாவீதுக்குப் புரியவில்லை. ‘வாடிக்கையாளரின் காலத்தோடு ஒத்திசைவு’ என்றது. ‘விற்பனைக்கு முந்தைய நம்பிக்கை முதலீடு’ என்றது. ‘உறவுசார் வெளி’ என்றது. இவற்றைக் கிளை அளவில் தினசரி நடவடிக்கைகளாக மாற்றிக்கொள்ளவும் என்று சொல்லிவிட்டுத் திட்டம் கழன்றுகொண்டது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க மாற்றிப் பார்த்தான். முடியாமல் மனைவி மெஹ்ஜபீனிடம் கேட்டான்.

“காலத்தோடன்னா... வர்றவங்களுக்கெல்லாம் வாட்சு குடுக்கச் சொல்றாங்களா?” என்றாள் அவள்.

“நீ பேசாம பிரியாணிய பாரு.”

ஆனால் அவனும் கிட்டத்தட்ட அந்த வழியில்தான் போனான். அப்படிப் பிறந்ததுதான் காவேரியின் கேள்வி.

“அது கெடக்கட்டும். இங்க இருந்த பெஞ்சு எங்க?” என்றாள் ராமக்காள்.

கடை வாசலில் கால் ஆடுகிற ஒரு பழைய மர பெஞ்சு இருந்தது. மண்டியில் தக்காளியை ஏலத்தில் தள்ளிவிட்டு பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அதில் உட்காருவார்கள். பெஞ்சின் ஒரு மூலையில் மாது, எந்தக் கடையில் வாங்கிய மிக்ஸியானாலும் பிரித்துப்போட்டுச் சரி செய்துகொண்டிருப்பார். உறவுசார் வெளி அமைப்பதற்காக ஜாவீத் அதைத் தூக்கி எதிர்ப்பக்கம் லூர்துமேரியின் டீக்கடைக்குக் கொடுத்துவிட்டு, கடைக்குள் ஒரு சோபா போட்டிருந்தான். அழுக்காகக் கூடாது என்று பிளாஸ்டிக் உறையைக் கழற்றவில்லை.

“உள்ள சோபா இருக்குது, வந்து உக்காருங்கம்மா.”

“இந்தச் சேத்துக் காலோடயா? வேணாம் சாமி. எனக்கு அந்தப் பெஞ்சுதான் ராசி. நீ லீவுல போயிருந்தப்பக்கூட, ஊரு பேரு தெரியாத ஒருத்திகிட்ட என் மருமவ நாயம் பூரா அதுல உக்காந்துதான் சொன்னேன். மனசு எவ்ளோ லேசாச்சு தெரியுமா?”

அன்று சோபாவில் யாரும் உட்காரவில்லை. சேறுதான் பிரச்சினை என்று கண்டுபிடித்த ஜாவீத், ‘செருப்பை வெளியே விடவும்’ என்று ஒரு போர்டு மாட்டினான். மறுநாள் இரண்டு பேர் நம்பிச் செருப்பை வெளியே விட்டார்கள். திரும்பி வந்தபோது ஒருவருடைய செருப்பைக் காணோம். அவர் மற்றவருடைய செருப்பைப் போட்டுக்கொண்டு போக, அந்த மற்றவர் மண்டி வரைக்கும் வெறுங்காலோடு விரட்டிக்கொண்டு ஓடினார். இரண்டு வாடிக்கையாளர்கள் அத்தோடு சரி.

‘நம்பிக்கை முதலீடு’ இன்னும் மோசம். ஒவ்வொருவர் உள்ளே வரும்போதும் காவேரியும் மாதுவும் நெஞ்சில் கை வைத்து, “எங்களை நம்புங்கள், நாங்கள் உங்களை ஏமாற்ற மாட்டோம்” என்று சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டான்.

வந்தவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

“இத்தன வருசமா இப்பிடிச் சொன்னதில்லையே. எதுக்கு இப்ப திடீர்னு நம்பச் சொல்றாங்க?” என்றார் ஒரு பெரியவர், பக்கத்தில் இருந்தவரிடம்.

“சரக்குல என்னமோ கோளாறு இருக்குது. வாங்க போலாம்.”

இன்னொரு சிக்கலும் இருந்தது. காவேரிக்கு ஒரு கெட்ட பழக்கம். தக்காளி விலை விழுந்த நாளில் யாராவது கிரைண்டர் கேட்டால், “இன்னைக்கு என்னாத்துக்குங்க? வெல ஏறட்டும், அப்புறமா வாங்கிக்கலாம். பழசையே மாதுண்ணா பாத்துக் குடுப்பாரு” என்று திருப்பி அனுப்பிவிடுவாள். மேடம் வந்து நிற்கிற நேரத்தில் இப்படிப் பேசினால் கடையின் கதி? ஜாவீத் அதையும் தடுத்தான். வெளிக்கடைச் சாமான்களை ரிப்பேர் செய்யக் கூடாது என்று மாதுவையும் தடுத்தான்.

“கேட்டு வர்றவங்ககிட்ட என்னா தம்பி சொல்லுறது?” என்றார் மாது.

“எங்களை நம்புங்கள்னு சொல்லுங்க.”

புதன்கிழமை, ‘காலத்தோடு ஒத்திசைவு’ என்றால் ஒழுங்கான நேரம்தான் என்று அவனுக்கு ஞானோதயம் பிறந்தது. அதுவரை மண்டி கூடும் நேரத்துக்கே ஷட்டரைத் தூக்கிவிடுவார்கள். சேலத்துக் கடை ஒன்பதரைக்குத்தான் திறக்கிறது. இங்கேயும் ஒன்பதரைதான் என்று முடிவு செய்தான். ஒன்பதரைக்கு ஷட்டரைத் தூக்கியபோது மண்டிக்காரர்களில் பாதிப் பேர் ஊர் போய்ச் சேர்ந்து குளித்திருப்பார்கள். நாள் முழுக்க மூவரும் ஈ ஓட்டினார்கள். அந்த ஈக்களிடமும் நெஞ்சில் கை வைத்துச் சொல்லிப் பார்த்திருக்கலாம்.

பயத்தில் தூக்கம் பிடிக்காமல் வியாழக்கிழமை விடிந்தும் விடியாமலும் ஜாவீத் கடைக்கு வந்தான். கடை பூட்டிக் கிடந்தது. எதிரே லூர்துமேரியின் டீக்கடையில் ஒரே கூட்டம். நடுவில் அவன் கொடுத்த பெஞ்சு. அதன் மூலையில் மாது, ஒரு மிக்ஸியின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தார். பக்கத்தில் காவேரி யாரிடமோ, “இந்த மாசம் வேணாங்க, பொங்கலுக்கு வாங்கிக்கலாம்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

“என்னா மாதுண்ணா இது! நம்ம கடைக்கு எதிரா நம்மளே கடை போட்ட மாதிரி?”

“டூட்டி ஒம்பதரைக்குத்தானே தம்பி? அதுக்கு முன்னால நாங்க டீ குடிக்கறோம்.”

“இவங்க பஸ்சு எட்டு மணிக்குப் போயிருதுங்க சார். பாவம், நம்மள நம்பித் தூக்கிட்டு வந்துட்டாங்க. அதான்...” என்று காவேரி இழுத்தாள்.

‘நம்மள நம்பி’ என்ற சொல் ஜாவீதை எங்கேயோ குத்தியது. ஆனால் பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

“நாளைக்குப் பத்து மணிக்கு மேடம் வர்றாங்க. யாராச்சும் இந்தப் பக்கம் தெரிஞ்சீங்க, நம்ம மூணு பேருக்கும் வேல போயிரும். பெஞ்சத் தூக்கி உள்ள போடுங்க!”

“குடுத்தத திருப்பிக் கேக்காத தம்பி,” என்று லூர்துமேரி கரண்டியோடு முன்னால் வந்தாள். “இந்த வாரந்தான் என் கடையில யாவாரமே நடக்குது.”

வெள்ளிக்கிழமை காலை, வாசலில் மாட்டுவதற்குச் சாமந்தி மாலையோடு ஜாவீத் வண்டியில் வந்து இறங்கினான். மணி ஏழுகூட ஆகவில்லை. பூட்டிய கடை முன்னால் ஒரு சேலத்துக் கார் நின்றது. அவன் கையிலிருந்த மாலை நழுவியது.

எதிரே டீக்கடைப் பெஞ்சில், கையில் டீ கிளாஸோடு மணிமேகலை மேடம் உட்கார்ந்திருந்தார். வீடியோ கூட்டங்களில் போனில் பார்த்த அதே முகம். அவர் யாரென்று தெரியாத மாது அவர் காலடியில் ஒரு மிக்ஸி ஜாரை டொக் டொக் என்று தட்டிக்கொண்டிருந்தார். காவேரி ஒரு தம்பதிக்குக் குக்கர் வாங்க வேண்டாம் என்று விளக்கிக்கொண்டிருந்தாள்.

“மேடம்... பத்து மணின்னு சொன்னாங்க...”

“வாங்க ஜாவீத். கடை ஏன் பூட்டியிருக்கு?”

“காலத்தோடு ஒத்திசைவுங்க மேடம். இனி ஒம்பதரைக்குத்தான்.”

“பெஞ்சு ஏன் இங்க இருக்கு?”

“உறவுசார் வெளிங்க மேடம். உள்ள சோபா போட்டுட்டோம்.”

“ரிப்பேர்?”

“நம்பிக்கை முதலீட்டுக்காக நிறுத்திட்டோம்.”

மேடத்தின் கையில் டீ கிளாஸ் அப்படியே நின்றது. மாதுவையும் காவேரியையும் ஒருமுறை பார்த்தார்.

“நிறுத்திட்டீங்க. அப்போ இவங்க ரெண்டு பேரும் யாரைக் கேட்டு இங்க இதைப் பண்றாங்க?”

இப்போதுதான் இருவருக்கும் வந்திருப்பவர் யாரென்று புரிந்தது. காவேரி பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். மாது ஸ்க்ரூ டிரைவரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். எனக்குத் தெரியாமல் பண்ணுகிறார்கள் மேடம் என்று ஒரு வார்த்தை சொன்னால் ஜாவீத் தப்பித்துவிடலாம். அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அதற்கு மேல் அவனுக்கு மனம் வரவில்லை.

“என்னைக் கேட்டுத்தாங்க மேடம். நான்தான் பண்ணச் சொன்னேன்.”

“பிளானுக்கு எதிராவா?”

“ஆமாங்க. உங்க பிளான் பெரிய பிளான்தாங்க, நான் இல்லேன்னு சொல்லல. ஆனா எங்க ஊருக்கு இந்தப் பெஞ்சுதான் ஒத்து வருது. இந்த ஒரு வாரமா உங்க பிளான் பண்ணேன், ஒரு ஈ காக்கா வரல. வெளிய அனுப்புறதுன்னா என்னை அனுப்புங்க. இவங்கள விட்டுருங்க.”

லூர்துமேரி டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் காலிக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, மண்டிப் பக்கமிருந்து ராமக்காள் வந்து சேர்ந்தாள். மாதுவிடமிருந்து தன் ஜாரை வாங்கி உதறிப் பார்த்தாள். பிறகு பெஞ்சில் உட்கார இடம் தேடியவள், மேடத்தின் முகத்தைப் பார்த்து வாயெல்லாம் பல்லாக நின்றாள்.

“அட, நீயா கண்ணு! போன ஆடியில இதே பெஞ்சுல எம் பக்கத்துல உக்காந்து, இவங்க என்னென்ன பண்றாங்கன்னு ஒண்ணொண்ணா கேட்டு, ‘எங்க கடைங்க எல்லாத்துக்கும் இதையேதான் பிளானாப் போட்டு அனுப்பப் போறேன்’னு எழுதிக்கிட்டுப் போனியே... மத்த ஊர்க்காரனுங்க கத்துக்கிட்டானுங்களா?”