மாமியார் வேடத்துக்கு ஆள் கிடைத்த வரலாறு

ஏற்காடு,
9.6.2025

அன்புள்ள சசிரேகாவுக்கு,

இன்று ஜூன் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை. எனக்கு எழுபத்தாறு வயதும் நான்கு மாதமும் முடிந்துள்ளன. மரியாதை கேட்பதற்காக இதைச் சொல்லவில்லை. கடிதத்தின் முடிவில் உனக்கு ஆசி வழங்கும் தகுதி எனக்கு உண்டு என்பதை முன்கூட்டியே நிறுவிவிடுகிறேன். இங்கு நானும் மிளகுக் கொடிகளும் நலம். உன் வீட்டில் அனைவரும் நலம் என்று கொள்கிறேன். நீ போனை எடுக்காததால் அப்படிக் கொள்ள மட்டுமே முடிகிறது.

நீ அனுப்பிய குரல் செய்தி கிடைத்தது. கோடை விழா நாடகத்தில் நான் கொடுமைக்கார மாமியாராக நடித்ததை யாரோ செல்போனில் பிடித்து உனக்கு அனுப்பியிருக்கிறார்கள். "செத்துப்போன எங்கம்மாவ மேடையில ஏத்தி மானத்த வாங்கீட்டீங்க அண்ணி, இனி நான் மலையேற மாட்டேன்" என்று அழுதிருக்கிறாய். விழாக் கூட்டம் கீழே இறங்கியதும் வருடந்தோறும் ஜூன் மாதம் இங்கு வந்து, என் சமையலறையை உன் விருப்பப்படி தலைகீழாக்கி, மிளகாய்த்தூள் டப்பாவில் சர்க்கரையைக் கொட்டி வைத்துவிட்டுப் போகிறவள் நீ. இந்த வருடம் எல்லா டப்பாக்களும் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. அது எனக்குப் பிடிக்கவில்லை என்பதைப் பதிவு செய்துவிட்டு, நடந்ததை விளக்குகிறேன்.

இங்கு ஒரு பள்ளியில் ஆசிரியராக இருக்கும் ஜாபெஸ், எஸ்டேட் தொழிலாளர்களையும் சர்ச் குடும்பங்களையும் ஒரே மேடையில் ஏற்றிவிட வேண்டும் என்ற ஆசையில், தானே ஒரு குடும்ப நாடகம் எழுதி, நடிகர் தேர்வுக்காக ஒண்டிக்கடைச் சந்திப்புக்கு மேலுள்ள சமுதாயக் கூடத்துக்கு எல்லோரையும் அழைத்தார். எனக்குச் சமைத்துப் போடும் கிருஷ்ணம்மாள் பார்க்கப் போனாள்; டார்ச் பிடிக்க நானும் போனேன். கதாநாயகனாக நடிக்க, பல் கட்டியவர் உட்பட ஆண்கள் அத்தனை பேரும் தயாராக இருந்தார்கள். அழுகிற மருமகளாக நடிக்கப் பேரன் எடுத்தவர்கள்கூடக் கை தூக்கினார்கள். மாமியார் யார் என்று கேட்டதும் கூடத்தில் இருந்த பெண்கள் எல்லோருக்கும் அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தது ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது.

காரணம் உனக்குப் புரியும், நம் பக்கத்து வழக்கம் உனக்கும் தெரியும். இங்கு ஒருவர் ஒரு வேடம் கட்டினால் அந்தப் பெயர் சாகும்வரை கூட வரும். தலைச்சோலைக் காளியண்ணன் வாலிபத்தில் மாரியம்மன் பண்டிகைக் கூத்தில் எமனாக ஆடியவர். பிறகு அவர் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் பஸ்ஸைவிட்டு இறங்கி, காளியண்ணன் வீடு எது என்று கேட்க, டீக்கடைக்காரர் மிகுந்த மரியாதையோடு, "எமன் ஊடுங்களா? நேராப் போனீங்கன்னா எமன் ஊடுதானுங்க" என்றிருக்கிறார். வந்தவர்கள் அதே பஸ்ஸில் திரும்பிவிட்டார்கள்.

ஜாபெஸ் முதலில் லூர்துசெல்வியைக் கெஞ்சினார். நல்ல குரல்வளம் உள்ளவள்; அவள் கோழியைக் கூப்பிட்டால் அடுத்த எஸ்டேட் கோழியும் வரும். "ஏனுங்க சார், எம் பையனுக்கு இப்பத்தான் பொண்ணு பாத்துட்டு இருக்கறமுங்க. நான் மாமியாரா நின்னு மெரட்டுனா எவனுங்க பொண்ணு குடுப்பான்?" என்று அவள் எழுந்துவிட்டாள். அடுத்து கிருஷ்ணம்மாளைப் பார்த்தார். "என்ற மருமவ சும்மாவே எங்கூடப் பேசறதில்லீங்க. இது வேறயா?" என்றாள் அவள். கடைசியில் பாக்கியநாதன் சேலை கட்டிக்கொண்டு நடிக்கச் சம்மதித்தார், ஆனால் மீசையை எடுக்க மாட்டாராம். "முந்தானையில மூடிக்கறனுங்க சார்" என்று அவர் மூடிக் காட்டியபோது, மாமியாருக்குப் பல்வலி என்பதுபோல் இருந்தது. ஜாபெஸ் காகிதங்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "சரி, விட்டுரலாம். நாடகம் வேண்டாம்" என்றார். அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. எனக்கு மகனும் கிடையாது, பெண் கேட்டு எவர் வாசலிலும் நான் நிற்கப் போவதும் இல்லை. ஆகவே கையைத் தூக்கினேன்.

"புரொபசரம்மா, உங்களுக்கு எதுக்குங்க இந்தப் பேரு?" என்று காளியண்ணன், அனுபவஸ்தர், உண்மையான அக்கறையோடு தடுத்தார். ஜாபெஸ், மருமகளாகத் தேர்வான இலக்கியாவை என் எதிரில் நிறுத்தி, இரண்டு வார்த்தை திட்டிக் காட்டச் சொன்னார். முப்பத்தைந்து வருடம் விலங்கியல் கற்பித்தவளுக்குத் திட்டச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பெண் நிஜமாகவே அழ, அவள் அம்மா செருப்பைத் தேட, பாகம் எனக்கே என்று முடிவாயிற்று. ஒத்திகையில் இரண்டே இரண்டு விஷயங்களில் பிடிவாதம் பிடித்தேன். கடைசிக் காட்சியில் மாமியார் மனம் திருந்தி அழுவதாக இருந்தது. அப்படி ஒரு நிகழ்வை எந்த உயிரினத்திடமும் நான் கவனித்ததில்லை என்று சொல்லி நீக்க வைத்தேன். மற்றது, நான் சொம்பை வீசி எறியும் காட்சி. இலக்கியா நிற்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டு, அதைத் தாண்டி அவள் ஓர் அடி வைத்தாலும் நடிக்க மாட்டேன் என்றேன். காரணம் கேட்டார்கள். சொல்லவில்லை.

நாடகம் நடந்தது. செம்மநத்தத்துக் கிழவி ஒருத்தி கூட்டத்தில் எழுந்து, "அவளப் புடிச்சுக் கீழ இழுங்கடா!" என்று கத்தினாள். பல்கலைக்கழகம் எனக்குக் கொடுத்த சான்றிதழ்கள் எதிலும் இவ்வளவு மனப்பூர்வமான வாசகம் இல்லை. இப்போது ஒண்டிக்கடையில் என் பெயர் மாமியாரம்மா. புரொபசரம்மாவாக இருந்தவரை பழக்கடைக்காரர் அழுகிய ஆரஞ்சை அடியில் வைத்துக் கட்டுவார். மாமியாரம்மாவுக்கு ஒவ்வொன்றாகத் துடைத்துக் கொடுக்கிறார். கேஸ் சிலிண்டர் சொன்ன அன்றே வருகிறது. பஸ்ஸில் நான் ஏறியதும் இரண்டு இளம்பெண்கள் எழுந்து நிற்கிறார்கள். நெடுங்காலப் பேராசிரியப் பணி பெற்றுத் தராத ஒழுங்கை ஒரு மாலை பெற்றுத் தந்ததற்காக ஜாபெஸுக்கும், பயந்து ஒதுங்கிய லூர்துசெல்விக்கும், மீசையை எடுக்காத பாக்கியநாதனுக்கும் நான் உளமார நன்றியுடையவள். இதை நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. தினமும் காலையில் இவர்களை நினைத்துக்கொள்கிறேன்.

இனி உன் குற்றச்சாட்டு. "எடுடி உன்ற பொட்டிய, எடு அந்தப் பொஸ்தகத்த, ஒண்ணு விடாம எல்லாத்தயும் தூக்கீட்டு உங்கப்பன் ஊட்டுக்கே போ" என்று நான் மேடையில் சொன்னது, ஓமலூர் வீட்டில் உன் அம்மா என்னைத் துரத்தியபோது சொன்ன அதே வார்த்தை என்கிறாய். சேலம் மாவட்டத்து மாமியார்கள் அனைவரும் சொல்லக்கூடிய பொதுவான வசனம் அது. முந்தானையை உதறிச் செருகியதும் தற்செயல். சொம்பும் தற்செயல். உன் அம்மாவுக்கும் என் வேடத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதை இக்கடிதத்தின் மூலம் உறுதி கூறுகிறேன்.

நீயும் உன் பிள்ளைகளும் நீண்ட ஆயுளும் மிதமான சர்க்கரை அளவும் பெற்று வாழ ஆசீர்வதிக்கிறேன். கிருஷ்ணம்மாள் உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் அண்ணி

பி.கு.: உன் அம்மாவைப் பற்றி மேலே எழுதியது அத்தனையும் பொய். மேடையில் நான் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் அத்தையுடையது. அவரும் நானும் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சண்டை போட்டதில்லை. எனக்கு மெட்ராஸில் எம்.எஸ்ஸி. இடம் கிடைத்திருந்தது, உன் அப்பா, படித்தது போதும் என்றுவிட்டார். "நான் சண்ட கட்டித் தொரத்தீட்டா உங்க மாமா என்ன கண்ணு பண்ணுவாரு? பொம்பளைங்க சண்டைக்குள்ள அவரு வரவே மாட்டாரு" என்று திட்டம் போட்டவர் அத்தை. நான் என் அப்பா வீட்டுக்குப் போய் அங்கிருந்து மெட்ராஸ் போவதாக ஏற்பாடு. மாட்டுக் கொட்டகையில் ஒத்திகை பார்த்தோம். மருமகளைத் துரத்துகிற எந்த மாமியாராவது புத்தகத்தை ஒன்று விடாமல் எடுத்துக்கொள்ளச் சொல்வாளா என்று உனக்கு இத்தனை வருடமாகத் தோன்றவே இல்லையா, சசி? விடுமுறைக்கு நான் வரும்போதெல்லாம் சமாதானம் ஆகிவிடாமல் பார்த்துக்கொண்டதும் அவர்தான். உன் அண்ணனுக்கு வேடம் தரவில்லை. மனதில் இருப்பது அவர் முகத்தில் வந்துவிடும். உன்னைத் தேர்ந்தெடுத்தது அத்தை. "சசி பாத்தாப் போதும், அழுதுட்டே ஓடி அவங்கப்பங்கிட்டச் சொல்லீருவா" என்றார். பத்து வயதில் நீ அப்படியே செய்தாய். நான் பார்த்த நடிகர் தேர்வுகளில் அதுதான் தலைசிறந்தது. நீ அன்று அழுத அழுகையில்தான் நான் எம்.எஸ்ஸி. படித்தேன், அதற்கான நன்றியை இப்போதுதான் சொல்கிறேன். உன் அப்பா காலமான பின்பு ஊருக்கு உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன். "எதுக்குக் கண்ணு? கொடுமக்காரின்னு ஊரே பயப்படுது, காரியமெல்லாம் நல்லா நடக்குது" என்று தடுத்துவிட்டார். சிலிண்டர் வந்த அன்று அவர் சொன்னது எனக்கு விளங்கிற்று. என் நெற்றித் தழும்பைக் காட்டிக் காட்டி நம் சொந்தங்கள் அவரைத் திட்டித் தீர்த்தார்களே, அந்தச் சொம்பு சுவருக்குக் குறி வைத்தது. அன்று கொட்டகையில் யாரும் பார்க்காமல், என் நெற்றியில் காப்பித்தூளை வைத்து அழுத்திக்கொண்டு, கண்ணெல்லாம் கலங்க அத்தை என்னைக் கேட்ட ஒரே கேள்வி இதுதான்: "சொன்ன எடத்துல நிக்கோணும்ல கண்ணு?"