திருவளர்ச்செல்வன் மணிகண்டன், பி.இ.

இதை எழுதாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். நான் எழுதுவதையெல்லாம் இதுவரை கம்ப்யூட்டர்தான் படித்திருக்கிறது. அதுவும் படித்த உடனே தப்பு என்று சொல்லிவிடும். ஆனால் என் நண்பன் ஏழுமலை, போகிற கல்யாணத்தில் எல்லாம் பந்தியில் உட்கார்ந்து இந்தக் கதையைப் பரிமாறிக்கொண்டு திரிகிறான். ஒவ்வொரு தடவையும் ஒரு கொண்டை ஊசி வளைவைக் கூட்டுகிறான். கடைசியாகச் சொன்னபோது வழியில் கரடி ஒன்று குறுக்கே வந்ததாம். கரடியெல்லாம் வரவில்லை. வந்திருந்தால் என் கஷ்டம் அங்கேயே தீர்ந்திருக்கும். சரி, நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

கள்ளக்குறிச்சியில் சொந்தமாக சாஃப்ட்வேர் செய்கிறவன் நான். பாலிடெக்னிக்கைப் பாதியில் நிறுத்திவிட்டு (நிறுத்தியது நானா, பாலிடெக்னிக்கா என்பதில் இரண்டு கருத்து உண்டு) செல்போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்ட தொழில். கம்பெனி இல்லை, மேனேஜர் இல்லை, அடையாள அட்டை இல்லை. அடையாள அட்டை இல்லாதவனுக்கு எங்கள் தெருவில் வேலையும் இல்லை என்று அர்த்தம்.

"பையன் இன்னா பண்றான்?" என்று யாராவது கேட்டால் அம்மா, "வூட்லதான் குந்திக்கினு இருக்கறான்" என்பாள். அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் பிரச்சினை. நான் ஒரு கடைக்காரருக்கு பில் போடும் ஆப்பை உயிரைக் கொடுத்து எழுதிக்கொண்டிருப்பேன். பக்கத்து வீட்டு அண்ணன் வந்து, "சும்மாதான இருக்கற, இந்த பிரிண்டரப் பாரேன்" என்பார். பிரிண்டருக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று சொன்னால், "அப்ப இன்னாத்த படிச்ச?" என்பார். 

வேலை கொடுக்கிறவர்கள் இன்னொரு ரகம். "ஒரு சின்ன சேஞ்சுப்பா" என்று ஆரம்பிப்பார்கள். சின்ன சேஞ்சு என்றால் வீட்டை இடிக்காமல் கிணற்றைக் கூடத்துக்கு நகர்த்துவது. ஒருவர் நீலம் பிடிக்கவில்லை என்றார். எந்த நீலம் வேண்டும் என்று கேட்டேன். "நல்ல நீலமா போடு" என்றார். கம்பெனிக்காரன் தப்புச் செய்தால் திட்டு பத்துப் பேருக்குப் பிரியும். தனி ஆளுக்கு அது பங்கு பிரிக்காமல் முழுசாகக் கிடைக்கும். இந்தத் தொழிலைப் பற்றி எனக்கிருக்கும் உறுதியான கருத்து இது ஒன்றுதான்.

இப்படிப்பட்ட வாழ்க்கையில் ஒரே ஒரு நல்ல வாடிக்கையாளர் எனக்கு இருந்தாள். சுகன்யா. பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவள். உரக்கடை ராமலிங்கத்தின் மகள். எம்.எஸ்சி., பி.எட். முடித்து, வெள்ளிமலைப் பக்கம் மலையில் ஒரு பள்ளியில் டீச்சராக இருந்தாள். பிள்ளைகளின் வருகையைப் பதிய ஓர் ஆப் வேண்டும், மலையில் சிக்னல் இல்லாவிட்டாலும் ஓட வேண்டும் என்று கேட்டாள். செய்து கொடுத்தேன். நான் செய்ததிலேயே உருப்படியானது அதுதான்.

ஆனால் அதில் ஒரு சிக்கல். ஆப் ஒழுங்காக ஓடினால் அவள் எதற்கு எனக்கு போன் செய்யப் போகிறாள்? அதனால் ஒவ்வொரு தடவை புதுப்பிக்கும்போதும் ஒரு சின்னக் கோளாறை மட்டும் சரிசெய்யாமல் விட்டு வைப்பேன். சனிக்கிழமை அவள் மலையை விட்டு இறங்கியதும் போன் வரும்.

"மணி, உன் ஆப்பு திரும்பியும் தூங்குது."

"அப்படியா? நான் பாக்கறேன்."

"நீ பாத்துக்கினேதான் இருக்கற. எப்பதான் முடிப்ப?"

முடிப்பதா? இவ்வளவு கவனமாக இந்த மாவட்டத்தில் யாரும் ஒரு வேலையை முடிக்காமல் வைத்திருக்க மாட்டார்கள். சனிக்கிழமை வெயில்கூட எனக்கு வேறு நிறமாகத் தெரியும். போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, அது அடிக்காதது மாதிரியும் அடித்தால் ஆச்சரியப்படுவது மாதிரியும் நடித்துப் பார்த்துக்கொள்வேன். ஆனால் சொல்ல வேண்டியதை மட்டும் ஒரு சனிக்கிழமையும் சொல்லவில்லை. அடையாள அட்டை இல்லாதவன் உரக்கடைக்காரர் மகளிடம் என்னத்தைச் சொல்வது?

ஒரு சனிக்கிழமை அவள் கோளாறு எதுவும் சொல்லவில்லை. "மணி, எனக்குக் கல்யாணம் முடிவாயிடுச்சி. போன்ல அனுப்பற மாதிரி பத்திரிகை ஒண்ணு பண்ணித் தரியா? நீ பண்ணா நல்லா இருக்கும்" என்றாள்.

மாப்பிள்ளை பெயர் பாலாஜி. திருக்கோவிலூர்க்காரர். சென்னையில் பெரிய சாஃப்ட்வேர் கம்பெனி. (அடையாள அட்டையைப் பெண் பார்க்க வந்தபோதும் கழுத்தில் போட்டிருந்தார் என்று ஏழுமலை சொல்கிறான். நம்ப வேண்டாம்.)

செய்ய ஆரம்பித்தேன். அவள் பெயர் எழுதும் இடம் தயார். மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் என்னென்ன பட்டம் போடுவது என்று சம்பந்தி வீட்டில் கேட்டுச் சொல்வதாக ராமலிங்கம் சொல்லியிருந்தார். அதுவரை அந்த இடத்தைக் காலியாக வைத்தால் பக்கம் கோணலாகத் தெரிந்தது. எங்கள் தொழிலில் இப்படிப்பட்ட இடத்தில் ஏதாவது ஒரு பெயரை ஒப்புக்குப் போட்டுப் பார்ப்போம். குப்பன், சுப்பன், டெஸ்ட், எது வேண்டுமானாலும். என் கை 'மணிகண்டன்' என்று அடித்தது. அவள் பெயருக்குப் பின்னால் இரண்டு பட்டம் இருக்க, என் பெயர் மொட்டையாக நின்றது. அதற்கும் ஒரு பி.இ. கொடுத்தேன்.

திருவளர்ச்செல்வி சுகன்யா, எம்.எஸ்சி., பி.எட்.
திருவளர்ச்செல்வன் மணிகண்டன், பி.இ.

பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எழுத்தின் அளவுப் பொருத்தம்தான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாளும் எழுந்ததும் திறந்து பார்த்தேன். அதற்கு மறுநாளும். சம்பந்தி வீட்டில் பட்டத்தைச் சொல்லத் தாமதமாகத் தாமதமாக எனக்கு அவர்கள் மேல் மரியாதை கூடிக்கொண்டே போனது.

ஒரு நாள் காலையில் ராமலிங்கம் போன் செய்து பாலாஜியின் பட்டங்களைச் சொன்னார். மூன்று இருந்தது. உட்கார்ந்து மாற்றினேன். மாற்றிய பக்கத்தைச் சரிபார்க்க மனசு வரவில்லை. இணைப்பை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன். அங்கேதான் கெட்டது.

வாட்ஸ்அப்பில் ஓர் இணைப்பை அனுப்பினால் அதன் மேலே சின்ன அட்டை மாதிரி (ப்ரிவியூ என்போம்) படமும் தலைப்பும் தெரியும் இல்லையா? அந்தத் தலைப்பு பக்கத்துக்குள் தெரியாது. உள்ளே வேறோர் இடத்தில் தனியாக எழுத வேண்டும். பக்கத்தில் பெயரை மாற்றிய நான் அந்த இடத்தை மறந்துவிட்டேன். திறந்து உள்ளே போனால் மாப்பிள்ளை பாலாஜி. வெளியே அட்டையில் மணிகண்டன், பி.இ. யார் பத்திரிகையைத் திறந்து படிக்கிறார்கள்?

அன்றைக்கு ராமலிங்கம் மகளைக் காரில் ஏற்றிக்கொண்டு, தாம்பூலத் தட்டோடு மலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பள்ளிக்கும் மலையில் உரம் வாங்கும் விவசாயிகளுக்கும் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் சொல்ல. அடிவாரத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது நான் அனுப்பியதைப் பார்த்தார். கண்ணாடி போடவில்லை. மகள் படம் தெரிந்தது, போதும். 'இதையே நேரில் அழைத்ததாகக் கருதி' என்று குரலில் சொல்லிப் பதிந்து, போனில் இருந்த எல்லாக் குழுவுக்கும் தள்ளிவிட்டார். உழவர் குழு, வியாபாரிகள் குழு, கோயில் திருப்பணிக் குழு, சொந்தக்காரர்கள் குழு. அப்புறம் டீ டம்ளரை வைத்துவிட்டு மலை ஏறிவிட்டார். மலையில் சிக்னல் கிடையாது.

எனக்கு முதல் போன் ஏழுமலையிடமிருந்து. பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். ஊர்ச் செய்தி முதலில் அவன் கடைக்குத்தான் வரும்.

"மாப்ள, ஒனக்குக் கல்யாணமாமே. எனக்கு ஒரு வார்த்த சொல்லல?"

"இன்னாடா ஒளர்ற?"

"பொண்ணு டீச்சராமே. நீ எப்படா பி.இ. முடிச்ச?"

நான் போனைத் திருப்பிப் பார்த்தேன். அட்டையில் என் பெயர், பின்னால் நான் கொடுத்த பி.இ. அதற்குள் அம்மா அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள். கையில் போன், கண்ணில் தண்ணீர்.

"பெத்தவளுக்குத் தெரியாம பத்திரிகை அடிக்கிற அளவுக்கு ஆயிட்டியாடா?"

அப்பா ஒன்றுதான் கேட்டார். "பி.இ.க்கு ஃபீஸ் யாரு கட்டனது?"

விளக்க நேரமில்லை. அனுப்பியவரால்தான் எல்லோருக்கும் சேர்த்து அழிக்க முடியும். அவரோ, காலையில் போனில் சொன்னபடி, மலை மேல் இருக்கிறார். திருக்கோவிலூரில் சம்பந்தி வீட்டுக்காரர்கள் எந்த நிமிஷமும் பார்க்கலாம். ஏற்கெனவே பார்த்திருக்கலாம். நான் நாசமாய்ப் போனால் பரவாயில்லை, எனக்கு அது பழக்கம். அவள் கல்யாணம் நின்றுபோனால்? வேறொரு பையன் பெயரோடு ஊர் பூரா பத்திரிகை போன பெண் என்று நாலு பேர் பேசினால்?

ஏழுமலையின் பைக்கில் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, மலை ரோட்டில் அவன் வளைத்து வளைத்து ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன்.

"நேரா போயி கால்ல வுழுந்துடு" என்றான் ஏழுமலை.

"யாரு கால்ல?"

"முன்னாடி யாரு நிக்கறாங்களோ அவுங்க கால்ல."

பள்ளி வாசலில் கார் நின்றது. ராமலிங்கம் தட்டோடு வெளியே வந்துகொண்டிருந்தார். பின்னால் சுகன்யா, பச்சைப் புடவையில். அவரை மாமா என்று கூப்பிட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. வாயில் "ஐயா" என்றுதான் வந்தது. மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு போனைப் பார்த்தார்.

"இது ஆருடா மணிகண்டன்?"

"நான்தாங்க ஐயா."

"நீ பி.இ.யா?"

"இல்லீங்க ஐயா."

"அப்ப எல்லாமே பொய்யி."

அங்கே நின்று அழிக்கவும் வழியில்லை; சிக்னல் இல்லை. சாலையோரம் ஒரு மொட்டைப் பாறை இருக்கிறது, அதன் உச்சியில் ஏறினால் கொஞ்சம் கிடைக்கும் என்றாள் சுகன்யா. நாலு பேரும் ஏறினோம். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ராமலிங்கம் போனை வானத்துக்குக் காட்டினார். இரண்டு கோடு வந்தது. அடுத்த நொடி, அவ்வளவு நேரம் அடிவாரத்தில் காத்துக்கிடந்த செய்திகள் எல்லாம் ஒன்றாக ஏறி வந்தன. போன் கையில் நிற்காமல் துள்ளியது. 'வாழ்த்துகள்'. 'மாப்ள மாறிட்டாரா?'. 'நம்ம பிரிண்டர் ரிப்பேர் பையனா?'. (இதை அனுப்பியது யார் என்று எனக்குத் தெரியும்.)

அப்போதே போனும் அடித்தது. பாலாஜி. ராமலிங்கம் போனை என் கையில் திணித்தார். "நீயே பேசு. நீதான இத்தப் பண்ண."

பேசினேன். "சார், அந்தப் பத்திரிகைய செஞ்சது நான்தாங்க. உள்ள ஒங்க பேருதான் இருக்குது. வெளிய மட்டும்..."

"ப்ரிவியூல வர்ற டைட்டில மாத்த மறந்துட்டீங்களா ப்ரோ?" என்றார் அவர். "எனக்கும் ஒரு தடவ ஆயிருக்கு. டெஸ்ட் பேரோடயே வெளிய போயிடுச்சு. வுடுங்க, எங்க வீட்ல நான் சொல்லிக்கறேன். டிசைன் சூப்பரா இருக்கு ப்ரோ."

வாழ்க்கையில் முதன்முதலாக என் வேலையை ஒருவர் ஒரே மூச்சில் புரிந்துகொண்டார். கத்தவில்லை, பிரிண்டரைப் பற்றிக் கேட்கவில்லை. இந்தப் பரந்த உலகத்தில் அந்த ஒருவர் இவராகத்தான் இருக்க வேண்டுமா? அந்த ஆளை வெறுக்கக்கூட எனக்கு வழி இல்லாமல் போய்விட்டது.

பாறையின் ஒரு பக்கம் ஏழுமலை ராமலிங்கத்துக்குக் குழு குழுவாக அழிக்கச் சொல்லிக்கொடுத்தான். அழித்த இடத்தில் எல்லாம் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று நின்றது. சும்மா இருந்தவர்களும் அதைப் பார்த்து, இன்னா சங்கதி என்று கேட்டு எழுத ஆரம்பித்தார்கள்.

மறுபக்கம் நானும் சுகன்யாவும். கீழே மரவள்ளிக் காடும் சாலையும் தெரிந்தன. காற்றில் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டாள்.

"டெஸ்ட்டுக்கு ஒனக்கு வேற பேரே கெடைக்கலியா?"

"அவசரத்துல அதான் வந்துச்சி."

"மறந்து வுட்டியா மணி, வுட்டு வச்சியா?"

"மறந்துட்டேன்."

"செரி" என்றாள்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. நானும் போனேன். வாசலில் சந்தனம் கொடுத்தவர், "வாங்க ப்ரிவியூ மாப்ள" என்றார். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது அம்மாவே, யாராவது "பையனுக்கு எப்ப கல்யாணம்?" என்று கேட்டால், "ஒரு தடவ அரை நாளு ஆச்சி" என்கிறாள். அப்பாவுக்குக் கோபம் வந்தால், "இன்ஜினியர் சார், தண்ணி மோட்டார போடுங்க" என்பார். சுகன்யா சென்னைக்குப் போய்விட்டாள். வருகை ஆப்பை அந்தப் பள்ளியில் இப்போது வேறு டீச்சர் பயன்படுத்துகிறார். அதில் இருந்த எல்லாக் கோளாறையும் சரிசெய்துவிட்டேன். சனிக்கிழமை போன் வருவதில்லை.

இதை எழுதி முடித்ததும் ஏழுமலைக்கு அனுப்பி, ஏதாவது தப்பு இருந்தால் சொல்லுடா என்று கேட்டேன். கரடி இல்லை என்று கத்துவான் என நினைத்தேன். வெகு நேரம் கழித்துப் பதில் வந்தது:

"அவ செரின்னு சொல்றதுக்கு முன்னால ரொம்ப நேரம் ஒன் மூஞ்சியே பாத்துக்கினு நின்னாடா, அத்த எழுதலியே நீ."