நாலாவது தடவைதான் நிஜம்

“அப்ப நாங்க கிளம்புறோம்” என்று தையல்காரர் எழுந்ததுமே, டைம்கீப்பரின் வலது கை தானாகக் கதவுத் தாழ்ப்பாளை நோக்கிப் போனது. நல்லவேளையாக மனைவி அவர் காலை மிதித்தாள்.

“அதுக்குள்ளயா? உட்காருங்க, உட்காருங்க” என்றார் டைம்கீப்பர், வலியோடு.

தையல்காரர் உட்கார்ந்தார். அவர் மனைவியும், மனைவியின் தங்கையும் கூடவே உட்கார்ந்தார்கள். ஒன்று, என்று டைம்கீப்பர் மனசுக்குள் எண்ணிக்கொண்டார்.

இருபத்தாறு வருடமாகப் பஸ் நிலையத்தில் கடிகாரமும் விசிலுமாக நிற்கிற மனிதர். பத்தேகாலுக்குப் போக வேண்டிய பஸ் பத்து பதினாறுக்குப் போனால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. அவர் குடும்பமே அந்த வார்ப்புதான். அண்ணன் செருப்பை மாட்டிய பிறகுதான் கிளம்புகிறேன் என்றே சொல்வார். சொல்லிவிட்டு வாசலில் நின்று பேசுகிறவர்களை, நடுவழியில் படுத்துவிட்ட பஸ்ஸைப் பார்ப்பது போல டைம்கீப்பர் பார்ப்பார்.

போன மாதம் வினை வந்ததே அதனால்தான். அவருடைய ஒரே மகளும் தையல்காரரின் மகனும் ஒரே மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்து, பழகி, கல்யாணம் வரைக்கும் வந்திருந்தார்கள். சம்பந்தம் பேச வந்தவர்களிடம் டைம்கீப்பர் வெயிலைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார். அப்புறம் ஒன்றும் தோன்றவில்லை. தையல்காரருக்கோ வாயில் குண்டூசி வைத்து வைத்தே பேச்சு மறந்துபோயிருந்தது. பதினாலாவது நிமிடம் அவர் கிளம்புகிறோம் என்றதும், டைம்கீப்பர் கதவைத் திறந்துவிட்டு, பன்னிரண்டு நாற்பதுக்கு ஒரு பஸ் இருக்கிறது, வேகமாக நடந்தால் பிடித்துவிடலாம் என்று வழியும் சொல்லி அனுப்பினார். பெரிய உபகாரம் செய்துவிட்ட திருப்தி அவருக்கு.

மறுநாள் அந்தப் பக்கத்திலிருந்து, சரியாகப் பேசிப் பழகக்கூட முடியவில்லை, யோசித்துச் சொல்கிறோம் என்று தகவல் வந்தது. மகள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் அறைக் கதவுக்கு வெளியே தட்டோடு நின்றபோது, தன் வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு பஸ்ஸைச் சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது.

மகளே கெஞ்சிக் கூத்தாடி அவர்களை இன்னொரு தடவை வரவழைத்தாள். அவர்கள் வரும் நாள் காலையில், வேலைக்குக் கிளம்புமுன் அப்பாவைப் பிடித்து உட்காரவைத்துச் சொன்னாள்: “அப்பா, அவங்க பக்கத்து வழக்கம் வேற. மூணு தடவை கிளம்புறோம்னு சொல்லுவாங்க. மூணு தடவையும் நாம உட்காரச் சொல்லணும். நாலாவது தடவை சொன்னாத்தான் நிஜம்.”

என்ன ஜனங்களோ என்று அவர் அலுத்துக்கொண்டார். ஆனாலும் மனப்பாடம் செய்துகொண்டார்.

இரண்டாவது கிளம்பல் பதினொன்றரைக்கு வந்தது. அதற்கு இன்னொரு டீ. சிக்கல் அதற்கப்புறம்தான். தையல்காரரின் மனைவி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, “நேரமாச்சுல்ல?” என்றாள்.

இது கணக்கில் வருமா, வராதா? டைம்கீப்பர் சமையலறைக்கு ஓடினார். வரும் என்பது அவர் கட்சி. கிளம்புகிறோம் என்ற வார்த்தை வராததால் வராது என்பது மனைவி கட்சி. தீர்ப்பு ஆகுமுன் பால் தீர்ந்துவிட்டதால், அவர் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓட வேண்டியதாயிற்று. வீட்டுக்காரர் இல்லாத நேரத்தில் எப்படிக் கிளம்புவது என்று வந்தவர்கள் கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

அவர் திரும்பி வந்ததும் தையல்காரர் மறுபடி எழுந்தார். நாலாவது என்று கணக்குப் போட்ட டைம்கீப்பர் கதவை அகலத் திறந்தார். மூன்றாவது என்று கணக்குப் போட்ட மனைவி பாய்ந்து வந்து சாத்தினாள். தையல்காரர் ஒரு காலில் செருப்போடு நடுவில் நின்றார்.

போன மாதக் கதை ஆகிவிடுமோ என்று டைம்கீப்பர் பயந்தார். பதற்றத்தில், தங்கைக்காரியின் கையிலிருந்த பையை வாங்கி உள்ளே கொண்டுபோய் பீரோவில் வைத்துப் பூட்டினார். “சாப்பிடாம யாரையும் விடுறதா இல்ல” என்று அறிவித்தார். இரண்டு பேருக்கு ஆக்கிய சோறு ஐந்து பேருக்குப் பங்கு போட வேண்டிய நிலையில் இருக்கிறது என்பதை மனைவியின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். தங்கைக்காரி தானே எழுந்து போய் உலை வைத்தாள்.

சாப்பாடு ஆனதும், இனிமேல் முதலிலிருந்து எண்ண வேண்டும் என்று மனைவி காதில் தீர்ப்புச் சொன்னாள். டைம்கீப்பருக்கு முழி பிதுங்கியது. வெயிலைப் பற்றிக் காலையிலேயே பேசித் தீர்த்தாகிவிட்டது. வேறு வழியில்லாமல், ஆணியில் தொங்கிய தன் காக்கிச் சட்டையை எடுத்துக் காட்டினார்.

தையல்காரர் அதைத் தடவிப் பார்த்தார். உடம்பு சரியில்லாத குழந்தையைப் பார்ப்பது போல முகம் வாடியது. “யாருங்க தைச்சது? வலது தோள் அரை இஞ்ச் இறங்கியிருக்கு.”

“சட்டை சரியாத்தாங்க இருக்கு. விசில் பிடிச்சுப் பிடிச்சு என் தோள்தான் இறங்கிடுச்சு.”

தையல்காரர் சிரித்தார். சிரிப்பை அடக்க முயன்று, முடியாமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு ஊசி நூல் கேட்டு வாங்கி, அங்கேயே தோளைப் பிரித்துத் தைக்க உட்கார்ந்தார். ஒரு ஆள் தோளைப் பார்த்தே அவர் என்ன வேலை செய்கிறார் என்று தன்னால் சொல்ல முடியும் என்றார். டைம்கீப்பர், ஒரு ஆள் பஸ் ஏறுகிற விதத்தைப் பார்த்தே அவர் வீட்டுக்குப் போகிறாரா, வீட்டை விட்டுப் போகிறாரா என்று தன்னால் சொல்ல முடியும் என்றார். இரண்டு பேரும் ஜன்னலோரம் போய், தெருவில் போகிறவர்களை வைத்துப் பந்தயம் கட்ட ஆரம்பித்தார்கள். சமையலறையில், பேசாத புருஷனோடு காலம் தள்ளுவது எப்படி என்று இரண்டு மனைவிமாரும் குறிப்புகள் பரிமாறிக்கொண்டு சிரிப்பது கேட்டது.

எண்ணிக்கை எப்போதோ விட்டுப்போயிருந்தது. அஞ்சு மணிக்குத் தையல்காரர் கிளம்புகிறோம் என்றபோது, எத்தனையாவது என்று டைம்கீப்பருக்குத் தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால் என்ன என்று அவருக்கு உண்மையாகவே தோன்றியது; அதையே சொன்னார்.

“இனிமே அடிக்கடி வரத்தானே போறோம், சம்பந்தி. தேதிய மட்டும் சீக்கிரம் குறிச்சிடுங்க” என்றார் தையல்காரர்.

சம்பந்தி என்ற அந்த ஒரு வார்த்தை போதும் டைம்கீப்பருக்கு. பீரோவைத் திறந்து பையை எடுத்துக்கொண்டு, பஸ் நிறுத்தம் வரை தானே சுமந்து வந்தார். ஐந்தே காலுக்கு வர வேண்டிய பஸ் ஏழு நிமிடம் தாமதம். அவர் கவனிக்கவேயில்லை.

மற்றவர்கள் ஏறிவிட்டார்கள். படியில் கால் வைத்த தங்கைக்காரியிடம் பையைக் கொடுத்தபடி, மனசு நிறைந்து சொன்னார்: “உங்க பக்கத்து வழக்கம் நல்ல வழக்கம்மா. சட்டுனு கிளம்பினா மனுஷங்கள எப்படித் தெரிஞ்சுக்கிறது? மூணு தடவை உட்கார்ந்தாத்தான் தெரியுது.”

அவள் படியிலேயே நின்று திரும்பிப் பார்த்தாள்.

“எங்க வழக்கமா? நாங்க கிளம்புறோம்னா அடுத்த நிமிஷம் தெருவுல இருப்போம். இது உங்க பக்கத்து வழக்கம்னு சொல்லி உங்க பொண்ணுதாங்க ரெண்டு நாளா வீட்டுக்கு வந்து எங்களுக்குப் பழக்கிவிட்டுச்சு.”