கலர் பிரிண்டரும் தங்கள் பச்சை முகமும்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன், எடையளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன், எழுதிக்கொள்வது. இங்கே என் இரத்த அழுத்தம் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் அளவோடு இருக்கின்றன. அங்கும் எல்லாம் அளவு குறையாமலும் கூடாமலும் இருக்க வேண்டுகிறேன்.

பொருள்: தங்கள் முகம் கடைத்தெருவில் பச்சை நிறத்தில் தொங்குவது குறித்து விளக்கம் அளித்தல்.

நேற்று தாங்கள் போன் செய்து, "என்ன மாப்ளே, என் மூஞ்சிய பச்சையாக்கி ஒரு கடை வாசல்ல மாட்டியிருக்காங்களாமே. என் சிநேகிதர் பார்த்துட்டு, எனக்கு உடம்புக்கு என்னன்னு விசாரிக்கிறார்" என்று கேட்டீர்கள். ஒரு வரியில் பதில் சொல்லக்கூடிய விஷயமாக இருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன். இது பதினோரு நாள் சமாசாரம். அதனால்தான் எழுதுகிறேன்.

தங்கள் தங்கை மழலையர் பள்ளிகளுக்குப் பட அட்டைகள் அச்சிட்டுக் கொடுப்பது தாங்கள் அறிந்ததே. கிளி, பேருந்து, குடை, ஆரஞ்சுப் பழம் என்று ஒரு கட்டுக்கு நாற்பது அட்டை. இந்த முறை ஒரு புதுப் பள்ளியிலிருந்து அறுபது கட்டு கேட்டிருக்கிறார்கள். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்துவிட்டால் வருஷம் முழுக்க வேலை அவளுக்குத்தான் என்று தலைமையாசிரியை அம்மாள் வாக்குக் கொடுத்திருக்கிறார். இப்படி ஒரு நேரம் பார்த்துத்தான் நம் வீட்டுப் பிரிண்டர் கிளியின் தலை வரை அச்சடித்துவிட்டு, கழுத்துக்குக் கீழே வர மாட்டேன் என்று நின்றுவிட்டது. பழுது பார்க்க வந்தவர் அதை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "இதுக்கு ரெண்டு தடவை மை வாங்குற காசுல ஒரு புது மெஷினே வந்துடும் சார்" என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். தங்கள் தங்கை என்னைப் பார்த்து, "ஒரு கலர் பிரிண்டர் வாங்கிட்டு வாங்க. விலை கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கலாம், ஆனா மை ரொம்பக் குடிக்கக் கூடாது. அவ்வளவுதான்" என்றாள்.

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டாள். மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சட்டைக்கு இஸ்திரி போட்டு, செருப்பை விட்டுவிட்டு ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, பெரிய கடையாகப் பார்த்து நுழைந்தேன். டை கட்டிய விற்பனையாளர் ஒருவர், "இந்த செட் மை போட்டா ஆயிரம் பக்கம் வரும் சார்" என்றார். எந்தப் பக்கம் என்று கேட்டேன். எல்லாப் பக்கமும்தான் என்றார். பெட்டியைத் திருப்பி, பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். ஒரு பக்கத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு இடத்தில் மட்டும் மை பட்டால்தான் அந்த ஆயிரமாம். மைத்துனரே, நூற்றுக்கு ஐந்து என்றால் கிளிக்கு மூக்கு மட்டும்தான் வரும். மூட்டைக்கு ஆயிரம் கரண்டி சர்க்கரை என்று எழுதிவிட்டு, கரண்டி எவ்வளவு பெரிசு என்பதைத் தானே முடிவு செய்துகொள்ளும் வியாபாரியை என் முப்பத்திரண்டு வருஷ சர்வீசில் நான் பார்த்ததில்லை. விட்டுவிடுவேனா. ஓய்வு பெற்ற நாளில் ஆபீசில் பரிசாகக் கொடுத்த சின்னத் தராசு பையிலேயே இருந்தது. மை அடைத்திருக்கும் கார்ட்ரிட்ஜைக் கழற்றச் சொல்லி எடை போட்டேன். ஒரு பக்கம் அச்சடிக்கச் சொல்லி, மறுபடி எடை போட்டேன்.

தராசை வெளியே எடுத்தது தப்பாகிவிட்டது. ஐந்து நிமிஷத்தில் பக்கத்துப் பழக்கடைக்காரர் தம் எடைக்கற்களை மாற்றிவிட்டார். எதிரே இருந்த நகைக்கடையில் ஷட்டர் பாதி இறங்கியது. எனக்கு ஒரு நாற்காலியும் டீயும் வந்தன. நான் ரிட்டயர் ஆகிவிட்டேன், சொந்த வேலையாக வந்திருக்கிறேன் என்றேன். கடை முதலாளி கை கட்டி நின்று, "தெரியும் சார். செக்கிங் வர்ற ஆபீசர் எல்லாருமே அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார். டீயைக் குடிக்கவில்லை. பழக்கம்.

அன்று சாப்பிடும்போது தங்கள் தங்கையிடம், கார்ட்ரிட்ஜ் மாடல் வேண்டாம், பாட்டிலிலிருந்து மை ஊற்றிக்கொள்ளும் டேங்க் மாடல்தான் சிக்கனம் போலிருக்கிறது என்றேன். "அப்ப அதையே வாங்கிடலாமே" என்றாள். போலிருக்கிறது என்பது முடிவாகாது, இன்னும் ஆறு கடை பாக்கி இருக்கிறது என்று எடுத்துச் சொன்னேன். புரிந்துகொண்டாள். எனக்கு மோர் ஊற்றிவிட்டு எழுந்து போனாள்.

இனி தங்கள் முகத்துக்கு வருகிறேன். எல்லாக் கடையிலும் ஒரே படத்தை அச்சடித்தால்தான் ஒப்பிட முடியும். அந்தப் படத்தில் எல்லா நிறமும் இருக்க வேண்டும். போன வருஷம் பூங்காவில் தாங்களும் தங்கையும் பூச்செடிகளுக்கு முன்னால் நிற்க நான் எடுத்தேனே, அதில் சிவப்புப் பூ, மஞ்சள் பூ, புல், அவள் பிடித்திருந்த நீலக் குடை, தங்கள் தலைச்சாயம் என்று ஒன்றும் பாக்கியில்லை. மூன்றாவது கடையில் இருந்த பழைய மெஷினில் சிவப்பு மை காய்ந்துபோயிருந்தது. அதனால் தங்கள் முகம் பச்சையாக வந்தது. தங்கள் தங்கையின் முகமும் பச்சைதான். குடை நிழலில் இருந்ததால் அவள் தப்பித்துக்கொண்டாள். அதே படம் பக்கத்து மெஷினில் தங்கம் மாதிரி வந்தது. கடைக்காரருக்கு ஒரே சந்தோஷம். நான் அடுத்த கடைக்குப் போயிருந்த சமயம் பார்த்து இரண்டு படத்தையும் பெரிதாக்கிக் கண்ணாடிக் கதவில் ஒட்டி, ஒன்றின் கீழ் 'வாங்குவதற்கு முன்' என்றும் மற்றதன் கீழ் 'வாங்கிய பின்' என்றும் எழுதிவிட்டார். இரண்டிலும் தாங்கள்தான் இருக்கிறீர்கள். தங்கள் சிநேகிதர் அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

எடுத்துவிடச் சொல்லி மூன்று தரம் போய் நின்றேன். "பச்சை சாரைப் பார்த்துத்தான் சார் கூட்டமே நிக்குது. இந்த வாரம் அஞ்சு பிரிண்டர் போயிருக்கு. ஒரு மாசம் இருக்கட்டும் சார்" என்று கெஞ்சுகிறார். கடைத்தெருவில் தங்களுக்கு இப்போது அதுதான் பெயர். இங்கு வரும்போது தொப்பி அணிந்து வருவது நல்லது.

லேசர் மெஷினையும் விட்டுவைக்கவில்லை. அதற்கு மை கிடையாது, தூள். நான்கு நிறத்துக்கு நான்கு டப்பா. டப்பாவில் எவ்வளவுதான் இருக்கிறது என்று பார்க்க மூடியைக் கொஞ்சமாகத் திறந்தேன். மேலே மின்விசிறி ஓடியது. நானும் இரண்டு வாடிக்கையாளர்களும் நீலமாகிப்போனோம். வீட்டுக்கு வந்தபோது தங்கள் தங்கை கதவைத் திறந்து ஒரு நிமிஷம் என்னையே பார்த்துவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள். தோள் குலுங்கியதைப் பார்த்தேன். என் நிலைமைக்காக அழுகிறாள் என்று எனக்கே கஷ்டமாகிவிட்டது.

அவளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. மூன்றாம் நாளிலிருந்து அவள் பிரிண்டர் பேச்சையே எடுக்கவில்லை. தினமும் நான் கிளம்பியதும் லேப்டாப்பையும் காகிதக் கட்டையும் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடம் போய்விடுகிறாள். வேலை போய்விடுமே என்ற துக்கத்தை அங்கே சொல்லி ஆற்றிக்கொள்கிறாள் போலும். அந்த அம்மாள் நல்ல ஆறுதல் சொல்லுகிறவர். சாயந்தரம் திரும்பும்போது முகம் தெளிவாகவே இருக்கிறது. ஒருநாள் விரலெல்லாம் மஞ்சளும் நீலமுமாக இருந்ததைக் கேட்டேன். "அவங்க துணிக்குச் சாயம் போட்டாங்க, கூட மாட நின்னேன்" என்றாள். தன் கஷ்டத்திலும் பிறருக்கு உதவுகிற மனசு அவளுக்கு.

இன்று பதினோராம் நாள். ஏழு கடையும் பார்த்தாயிற்று. முதல் நாள் பார்த்த அந்த டேங்க் மாடல்தான் எடைக்கு எடை நிற்கிறது. வாங்கிவிடலாம் என்று இருந்தபோதுதான், இந்த மெஷின்கள் சும்மா இருக்கும்போதே தம்மைக் கழுவிக்கொள்ள மை குடிக்கும் என்று ஒருவர் சொன்னார். எவ்வளவு குடிக்கும் என்று அவருக்கும் தெரியவில்லை. முப்பது நாள் ஒரு மெஷினைக் கூடவே இருந்து கவனித்தால்தான் தெரியும். மூன்றாவது கடைக்காரர் எனக்காகத் தனியாக ஒரு நாற்காலி போட்டுவிட்டார். ஆனால் வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது. மைத்துனரே, ஊரில் யாருக்கும் ஒரு கிராம் குறைய விடாதவன், கட்டியவளுக்குக் குறை வைத்துவிட்டேனோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அரைகுறை சோதனையில் வாங்கவும் கை வரவில்லை. ரிட்டயர் ஆன பிறகு அவள் என்னை நம்பிக் கொடுத்த முதல் வேலை இது. என்னிடம் அவள் மனம் விட்டுப் பேசுவதில்லை. தாங்கள் ஒரு வார்த்தை அவளிடம் கேட்டு, நான் முப்பது நாள் காத்திருக்கவா, இன்றே வாங்கிவிடவா என்று எழுதினால் தங்கள் சொற்படி நடப்பேன்.

தங்களுக்கும் வீட்டில் உள்ளவர்களுக்கும் ஆயுளும் ஆரோக்கியமும் நிறை அளவாகக் கிடைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாப்பிள்ளை

பி.கு.: உறையோடு சேர்த்து இந்தக் கடிதம் இருபத்தோரு கிராம். நானே எடை போட்டேன். கையில் கிடைத்ததும் அங்கேயும் ஒரு தரம் போட்டு, கூடக் குறைய இருந்தால் தெரிவிக்கவும். இனி ஒட்டித் தங்கள் தங்கையிடமே தபாலில் சேர்க்கக் கொடுக்கப்போகிறேன். பிறர் கடிதத்தைப் பிரிக்கும் வழக்கம் அவளுக்குக் கிடையாது.

அண்ணா, நான்தான். பிரிச்சுட்டேன்.

பிரிண்டர் வாங்கி ஒன்பது நாள் ஆச்சு. அவர் முதல் நாள் சாப்பாட்டுல சொன்னாரே, அந்த டேங்க் மாடலேதான். மூணாம் நாள் காலையில அவர் கிளம்பினதும் நான் முதல் கடைக்குப் போனேன். கால் மணி நேரத்துல வாங்கி, தையல்காரம்மா வீட்டுல வச்சுட்டேன். அறுபது கட்டும் முடிஞ்சு நேத்து பள்ளியில கொடுத்தாச்சு. தலைமையாசிரியை அடுத்ததுக்கும் சொல்லிட்டாங்க. இவ்வளவு அடிச்சும் மை பாதிகூட இறங்கலை. அவர் சொன்னது ஒரு துளிகூடத் தப்பலை.

வாங்கினதைச் சொல்லிடணும்னு தினமும் நினைக்கிறேன். ஆனா ரிட்டயர் ஆன ஒண்ணரை வருஷமா ஜன்னல் பக்கத்து நாற்காலியைவிட்டு எழுந்திருக்காத மனுஷன் அண்ணா அவர். இப்ப ஷூ பாலிஷ் போடும்போது பாடுறார். சாயந்தரம் வந்து அரை மணி நேரம் கதை சொல்றார். அன்னைக்கு நீலமா வந்து நின்னப்ப நான் சிரிச்ச சிரிப்பு, கல்யாணமான புதுசுல சிரிச்சது. அதனால முப்பது நாள் காத்திருக்கச் சொல்லி எழுதிடுங்க. பள்ளியில தவணை கொடுத்துட்டாங்கன்னு நான் சொல்லிக்கிறேன். அது முடியறதுக்குள்ள நான் வாஷிங் மெஷினைப் பத்திக் கவலைப்பட ஆரம்பிச்சிடுவேன்.

பூங்காப் படத்தை நம்ம பிரிண்டர்ல எடுத்து உள்ள வச்சிருக்கேன். உங்க முகம் உங்க நிறத்துலயே இருக்கு. படமும் இந்தத் தாளும் சேர்ந்து இப்ப முப்பத்தி நாலு கிராம் ஆகுது, அவர் குளிக்கும்போது அந்தத் தராசுலயே போட்டுப் பார்த்தேன். கேட்டார்னா இருபத்தொண்ணுன்னே சொல்லிடுங்க.