மற்ற மூன்று பிள்ளைகள்

"பிள்ளைகள் எத்தனை பேர்?" என்று செல்போன் கேட்டது. லிஃப்ட் மெக்கானிக் 'ஒன்று' என்ற கட்டத்தைத்தான் தொடப்போனார். விரலில் கிரீஸ். அது வழுக்கிக்கொண்டு போய் 'நான்கு' மேல் நின்றது.

மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்ப அவருக்கு மூன்று தட்டு போதும். பதினேழாவது மாடிக்கு மேலே, மோட்டார் அறையில் கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து, சாப்பாட்டு இடைவேளையிலேயே முடித்துவிடுவார். அன்றைக்கு ஆப் வழிமறித்தது. பிழைக்க வந்த இடத்தில் உழைப்பவர்களுக்குப் பணத்தைக் கையாளச் சொல்லித்தரப் போகிறதாம். அதுவும் எல்லோருக்கும் ஒரே பாடம் இல்லை, அவரவர் குடும்பத்துக்கு ஏற்ற பாடம். நாலைந்து கேள்விக்குப் பதில் சொன்னால் இந்த மாதம் அனுப்பும் கட்டணம் கிடையாது. கட்டணம் கிடையாது என்றதும் மெக்கானிக் சாப்பாட்டு டப்பாவை ஒதுக்கி வைத்துவிட்டார்.

நான்கு என்று விழுந்ததைத் திருத்த வழி தெரியவில்லை. கீழே இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் தொங்கிக்கொண்டிருந்தது.

"இருந்துட்டுப் போகட்டும். போன் கணக்குல நாலு" என்று சொல்லிக்கொண்டு பணத்தை அனுப்பினார்.

பாடத்தின் பிரதி பணம் வாங்குபவருக்கும் போகும் என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தது. அதை யார் படிக்கிறார்கள்?

சாயங்காலம் மனைவியிடமிருந்து போன் வந்தது. பணம் போன அன்று அவர்கள் பேசுவது இரண்டு நிமிஷம். வந்துச்சா, வந்துச்சு. சாப்பிட்டாச்சா, ஆச்சு. அவள் தையல் மிஷினை நிறுத்தாமலே பேசிவிடுவாள். பதினெட்டு வருஷத்தில் பேச்சு அந்த அளவுக்குச் சுருங்கியிருந்தது. அன்றைக்கு மிஷின் ஓடும் சத்தம் கேட்கவில்லை.

"பணம் வந்துச்சு. கூடவே ஒரு பாடமும் வந்துச்சு."

"என்ன பாடம்?"

"நான்கு பிள்ளைகளின் படிப்புச் செலவைத் திட்டமிடுவது எப்படி." அவள் எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல் நிதானமாகச் சொன்னாள். "நம்ம பொண்ணு காலேஜ்ல இருக்கா. மத்த மூணு பேரும் எந்த ஸ்கூலுங்க?"

"ஐயோ, அது கை வழுக்கிடுச்சும்மா."

"மூணு தடவையா?"

மெக்கானிக்குக் காது சூடானது. இப்போதே சரிசெய்கிறேன் என்று சொல்லி போனை வைத்தார்.

ஆப்பில் தேடித்தேடிக் கடைசியில் பிள்ளைகள் பட்டியலைக் கண்டுபிடித்தார். நான்கு பொம்மைகள் வரிசையாக நின்று சிரித்தன. நீக்க வழியில்லை. ஒவ்வொரு பொம்மைக்கும் கீழே 'உங்கள் வீட்டில் வசிக்கிறார்', 'வேறு வீட்டில் வசிக்கிறார்' என்று இரண்டே கட்டங்கள். மூன்று பேரை வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டால் தன் வீட்டில் ஒன்று மிஞ்சும் என்று கணக்குப் போட்டார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டு, மிகக் கவனமாக, மூன்று முறை அழுத்தினார்.

பத்து நிமிஷத்தில் மனைவி கூப்பிட்டாள்.

"ரெண்டாவது பாடம் வந்திருக்கு. இரண்டு குடும்பங்களை ஒரே சம்பளத்தில் நடத்துவது எப்படி. நல்லாத்தான் எழுதியிருக்காங்க. யாருக்கும் மனக்குறை வராம பாத்துக்கணுமாம்."

மெக்கானிக் அவசரமாகப் போனை வைத்தார். அறையில் அவருக்குக் கீழ்க்கட்டிலில் ஸ்டோர் கீப்பர் படுத்திருந்தார். செல்போன் விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவருடைய எண்ணம். விவரத்தைக் கேட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"பிள்ளைங்கள்ல கை வெச்சதுதான் தப்பு. நீங்க வேரைப் பிடிக்கணும். கல்யாணமே ஆகலன்னு போடுங்க, பிள்ளைங்க தானாவே போயிடும். அப்புறம் புதுசா ஆரம்பிச்சுக்கலாம்."

"அது சரியா வருமா?"

"நான் சொல்றேன்ல."

'மணமாகாதவர்' என்பதை ஸ்டோர் கீப்பரே அழுத்தினார். நான்கு பொம்மைகளும் மறைந்தன. இருவரும் நிம்மதியாக ஆளுக்கொரு தம்ளர் டீ குடித்தார்கள். டீ முடிவதற்குள் மூன்றாவது பாடம் அவள் கைக்குப் போய்விட்டது.

"உங்கள் உறவினர் திருமணத்துக்குத் தயாராகிறார்" என்று மனைவி படித்தாள். "அவருக்கு நீங்கள் எப்படி உதவலாம்? சொல்லுங்க. நான் எப்படி உதவட்டும்?"

ஸ்டோர் கீப்பர் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

மறுநாள் மெக்கானிக் ஆப் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்குப் பேசினார். எடுத்த பெண் தேன் தடவியதுபோல் பேசினாள். "மூணு வேலை நாள்ல சரியாயிடும் சார்." மூன்று வேலை நாள் போனது. ஒன்றும் ஆகவில்லை. மறுபடி பேசினார். மறுபடியும் மூன்று வேலை நாள்.

வீட்டில் அதற்குள் விசாரணை தொடங்கிவிட்டது.

"சண்டை போட எனக்குத் தெம்பு இல்ல" என்றாள் மனைவி. "நீங்க போய்ப் பதினெட்டு வருஷம் ஆச்சு. இதுல எந்த வருஷத்துல எனக்குத் தெரியாம என்ன நடந்துச்சுன்னு நான் தெரிஞ்சுக்கணும். தினம் வேலை முடிஞ்சதும் கூப்பிடுங்க. ஒரு நாளைக்கு ஒரு வருஷம். முதல் வருஷத்திலேர்ந்து சொல்லுங்க."

வேறு வழி? முதல் வருஷத்திலிருந்து சொன்னார்.

எட்டுப் பேர் இருந்த அறை. ஒரே ஜன்னல், அதனடியில் முறை வைத்துப் படுத்தது. தெருமுனை போன் பூத்தில் கார்டு போட்டுப் பேசியது. நேரம் வீணாகக்கூடாது என்று பேச வேண்டியதையெல்லாம் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போவார். வரிசையில் நிற்கையில் கை வியர்த்துப் பாதி அழிந்துவிடும்.

"அதான் எப்பப் பாத்தாலும் பாதியிலேயே முழிச்சீங்களா? நான் உங்களுக்குப் பேச இஷ்டமில்லைன்னு நெனச்சேன்."

நாலாவது வருஷத்தில் பணம் அனுப்பும் கவுன்ட்டர் வந்தது. பணத்தோடு ஒரு துண்டுச் சீட்டில் பத்து வார்த்தை இலவசமாக அனுப்பலாம். அவர் மாதாமாதம் பத்து வார்த்தை எழுதினார்.

"ஒரு மாசம் ஒன்பதுதான் இருந்துச்சு. நான் எண்ணிப் பாத்தேன். பத்தாவது என்ன?"

"பின்னாடி முப்பது பேர் நின்னாங்க. கவுன்ட்டர்காரர் வேற சீட்டைச் சத்தமா படிப்பாரு. எழுத வெட்கமா இருந்துச்சு."

"என்ன வார்த்தைன்னு கேட்டேன்."

"இப்ப எதுக்கு அது?"

"விசாரணை நடக்குது. சொல்லித்தான் ஆகணும்."

மெக்கானிக் ஸ்டோர் கீப்பர் தூங்குகிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு, போனைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார். பிறகு, "சரி, நாளைக்கு அஞ்சாவது வருஷம்" என்றாள்.

லிஃப்டின் கூரைமேல் நின்று கேபிளுக்கு எண்ணெய் போடும்போதெல்லாம் அவர் அன்றைய வருஷத்தை யோசித்துச் சேகரித்தார். மறந்துபோனவை எல்லாம் எங்கிருந்தோ வந்தன. சாயங்காலம் எப்போது வரும் என்றிருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் இப்படி ஆசையாக விசாரணைக்கு ஓடலாமா என்று ஸ்டோர் கீப்பர்கூடக் கேட்டார்.

ஒன்பதாவது நாள்தான் மாட்டிக்கொண்டார்.

"அந்த வருஷம் நீங்க வரவே இல்ல. லீவு கிடைக்கலைன்னீங்க. பொண்ணு வாசல்லயே உக்காந்திருந்தா."

மெக்கானிக் பொய் சொல்லப் பார்த்தார். எட்டு நாள் உண்மையே பேசிப் பழகிய வாய், வளைய மறுத்தது.

"லீவு கிடைச்சுது. டிக்கெட்டும் எடுத்தாச்சு. கிளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடி லிஃப்ட் குழிக்குள்ள விழுந்துட்டேன். கால்ல மாவுக்கட்டு போட்டாங்க. ரெண்டு மாசம் படுக்கை. அந்தக் கோலத்துல வந்தா நீ திரும்ப அனுப்பியிருக்க மாட்டே."

"எந்தக் கால்?"

"இடது."

"அதான் படி இறங்கறப்ப..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். போன் கட்டாகிவிட்டது. தானாகக் கட்டானதா, அவள் வைத்துவிட்டாளா என்று தெரியவில்லை. திரும்பக் கூப்பிட்டார். எடுக்கவில்லை.

மறுநாள் காலையிலும் எடுக்கவில்லை. மத்தியானமும் இல்லை. மோட்டார் அறையில் வாளிமேல் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. இல்லாத மூன்று பிள்ளைகளையும் அவள் பொறுத்துக்கொண்டாள், இருந்த ஒரு காலை மறைத்ததைப் பொறுக்கமாட்டாள் என்று பட்டது. எல்லாம் இந்தப் பாடத்தால் வந்த வினை. வாடிக்கையாளர் சேவைக்குப் பேசினார். வாழ்க்கையில் முதல்தடவையாகக் குரலை உயர்த்தினார்.

"எத்தனை மூணு வேலை நாள்ம்மா? எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. ஒரே பொண்ணு. இதைத் திருத்த உங்களுக்கு ரெண்டு வாரம் பத்தலையா? என் வீட்டுல பேச்சுவார்த்தையே நின்னு போச்சு."

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"கோவிச்சுக்காதீங்க சார். பாடம் வந்த அன்னிக்கே உங்க வீட்டம்மா எங்களுக்குப் பேசி, எல்லாம் கை தவறினதுதான்னு தெரிஞ்சுக்கிட்டாங்க. இன்னிக்குக் காலைலயும் பேசினாங்க. இன்னும் ஒன்பது வருஷம் பாக்கி இருக்காம், அது முடியற வரைக்கும் நாங்க எதையும் திருத்தக் கூடாதாம்."